கொல்லிமலைக்கு மட்டும் இருட்டா, ஊருக்கெல்லாம் சட்டமா? ஒளி மாசு பற்றி ஒரு விவாதம்

வான்நோக்கி:

கொல்லிமலையில் அரியூர் சோலைக் காட்டை இருள்வானப் பூங்காவாக்க 2024இல் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியது. இரவில் நடமாடும் பூச்சிகளையும் பறவைகளையும் செயற்கை வெளிச்சத்திடமிருந்து காப்பது நோக்கம். அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டரை இருள்வானக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் காட்டுக்கு எல்லைக்கல் நடுவதுபோல வானத்துக்கு நட முடியாது. பெரிய ஊர்களின் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி, நூறு கிலோமீட்டர் தாண்டியும் அடிவானத்தில் வெளுத்து நிற்கும்.

காவலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஜவ்வாது மலையில் தொடங்கிய வானாய்வகம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அதன் வளையங்களுக்கான தடயத்தைப் பதிவு செய்த ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. ராமானுஜன் பெயர் தாங்கிய சிறுகோளை 1988இல் கண்டுபிடித்ததும் அங்கிருந்துதான். அதற்கும் முன்னால், 1861இல், ஆசியா என்ற சிறுகோளை ஆங்கிலேய வானியலாளர் போக்சன் கண்டது நம் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திலிருந்து. 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு மாறொளி விண்மீனை அடையாளம் கண்டதும் அதே வளாகத்தில். இன்றைக்கு நுங்கம்பாக்கத்து மொட்டைமாடியில் நின்று சப்தரிஷி மண்டலத்தின் ஏழையும் எண்ணி முடிப்பதே பெரும்பாடு.

2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் கூடுகிறது என்கிறது. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன் தெரிகிற ஊரில், அது பதினெட்டு வயதைத் தொடும்போது நூறுதான் மிஞ்சும்.

ஒலி மாசுக்கு 2000இல் விதிகள் போட்டோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல் என்று எழுதிவைத்தோம். ஒளிக்கும் அதே மாதிரி நாடு முழுவதற்கும் ஒரு விதி வேண்டும். பூங்காக்கள் மட்டும் போதாது.

இரவுப்பணி:

வான்நோக்கி சார், நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் செவிலியர். மதியப் பணி முடிந்து கடைசி டவுன் பஸ்ஸில் இறங்கும்போது மணி பத்தரை தாண்டியிருக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு விளக்கு, மாதா கோயில் முனையில் ஒரு விளக்கு. நடுவில் இருக்கிற கம்பத்தில் பல்பு போய்ப் பல மாதம் ஆகிறது. அந்தத் துண்டு வழியில் நான் போனை காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுகிற மாதிரி நடப்பேன். என்னோடு வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் வீடு போய்ச் சேர்கிறார்கள்.

எங்களுக்கு வேண்டியது இன்னும் வெளிச்சம். 2012 தில்லிக் கொடுமைக்குப் பிறகு நாடே பேசியதில் தெருவிளக்கும் ஒன்று. இப்போது வெளிச்சத்தையே மாசு என்று சட்டத்தில் எழுதினால், ‘விளக்கு போடுங்கள்’ என்று நாங்கள் மனு கொடுக்கும்போது என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். வானத்தை ரசிக்க வெளியே நிற்க முடிகிறவர்கள் யார், இரவில் வெளியே வரவே பயப்படுகிறவர்கள் யார் என்பதையும்.

கம்பமேறி:

நகராட்சி மின்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தங்கச்சி சொல்கிற கம்பம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் அந்த இருட்டுக்கும் வானத்தில் போய் வீணாகிற வெளிச்சத்துக்கும் காரணம் ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முன்பு இருந்தது சோடியம் விளக்கு. ஆரஞ்சு நிறம், சுமார் 2000 கெல்வின். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்கிற அளவு, எண் கூடக்கூட நீலம் கூடும். அந்த விளக்குக்காகக் கம்பத்தின் கையை மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். 2015க்குப் பிறகு எல்இடி வந்தபோது பல இடங்களில் கையை மாற்றவே இல்லை. தட்டையான எல்இடி பெட்டியை அதே சாய்ந்த கையில் மாட்டிவிட்டார்கள். விளைவு, தரையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்கும் வானத்துக்கும் போகிறது. அதோடு 6000 கெல்வினுக்கு மேலே நீலம் கலந்த வெள்ளை. நீல ஒளிதான் காற்றில் அதிகம் சிதறும். கம்பத்துக்குக் கீழே நின்றால் கண் கூசும், கூசினால் கண்மணி சுருங்கும், சுருங்கினபின் இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஆள் நின்றாலும் தெரியாது. தங்கச்சிக்கு வேண்டிய வெளிச்சம் நூறு வாட்டில்கூடக் கிடைக்காமல் போகும், சரியாக மாட்டினால் நாற்பது வாட்டில் கிடைக்கும்.

அப்புறம் ஹைமாஸ், உயரமான ஒற்றைக் கம்பத்தின் உச்சியில் பல விளக்குகளை மாட்டுவது. தொகுதி நிதியில் கல்வெட்டோடு வைப்பது. நாலுமுனைச் சந்திப்புக்கு வேண்டியதுதான். ஆனால் நூறு வீடுள்ள ஊரின் நடுவிலும் அதையே நடுகிறார்கள். அந்தப் பணத்தில் ஊரின் ஒவ்வொரு சந்துக்கும் விளக்கு போடலாம்.

இவ்வளவு சொன்னபிறகும், நான் சட்டத்துக்கு எதிர். ஏன் என்றால் ஒலி விதியை நடைமுறையில் பார்த்தவன். டெசிபல் அளக்கிற கருவி எத்தனை காவல் நிலையத்தில் இருக்கிறது? கல்யாண மண்டப ஸ்பீக்கர் பத்து மணிக்கு நிற்கிறதா? ஒளிக்கு விதி போட்டால் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் யார் வாங்குவார்கள், யார் அளப்பார்கள்? டெண்டர் விவரக்குறிப்பில் மூன்று வரி மாற்றினால் போதும்: கீழ்நோக்கி மட்டும், 3000 கெல்வினுக்குள், கையின் சாய்வு சுழியம். இதற்கு நாடாளுமன்றம் வேண்டாம்.

கருப்புக்கோட்டு:

கம்பமேறி ஐயா, டெண்டர் வரி அரசு வாங்கும் விளக்கைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் விளம்பரப் பலகை, கார் ஷோரூம், நகைக்கடை முகப்பு, கல்லூரி வளாகம் எதுவும் அந்த டெண்டருக்குள் வராது. அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது. இன்றைய நிலை இதுதான்.

1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 2(பி) பிரிவில் மாசுபடுத்தி என்பதைத் திட, திரவ, வாயுப் பொருள் என்று வரையறுக்கிறது. ஒளி இந்த மூன்றிலும் அடங்காது. ஒலியும் அடங்காதுதான். ஆனால் வரம்புகளை நிர்ணயிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் 6ஆம் பிரிவு ‘ஒலி உட்பட’ என்று வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. காற்று மாசுச் சட்டத்திலும் 1987 திருத்தத்தில் ஒலி நுழைந்தது. அந்த வாசல் திறந்திருந்ததால்தான் 2000இல் விதிகள் வந்தன. 2005இல் உச்ச நீதிமன்றம் ஒலி மாசை வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. ஒளிக்கு அந்த வாசல் இன்னும் இல்லை. இப்போது உங்கள் படுக்கையறைக்குள் எதிர் விளம்பரப் பலகை அடித்தால், பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போகலாம். அவரவர் மனநிலையைப் பொறுத்தது. அளவுகோல் என்று கையில் எதுவும் கிடையாது.

சிலி இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். வானாய்வகங்கள் நிறைந்த வடக்குப் பிராந்தியங்களுக்கு 1998லேயே ஒளி விதி கொண்டுவந்தார்கள். 2019இல் சுற்றுச்சூழல் சட்டத்தின் வரையறையிலேயே செயற்கை ஒளியை மாசுபடுத்தியாகச் சேர்த்தார்கள். 2024 டிசம்பரில் பரனால் வானாய்வகத்துக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில் ஒரு பெரிய தொழில் வளாகம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்கு வந்தது. அங்குள்ள ஐரோப்பிய தெற்கு வானாய்வகம், பெரிய தொலைநோக்கிகளுக்கு மேலே ஒளி மாசு குறைந்தது 35 சதவீதம் கூடும் என்று கணக்குக் கொடுத்து வாதிட்டது. ஒளி மாசு சட்டத்தில் இருந்ததால்தான் அந்தக் கணக்கை ஒரு மேசையில் வைக்க முடிந்தது. காவலூருக்குப் பக்கத்தில் நாளை ஒரு தொழிற்பேட்டை வந்தால் நாம் எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்போம்?

சிறை என்று யாரும் பயப்பட வேண்டாம். பல சட்டங்களில் சிறைத் தண்டனையைக் குறைத்த 2023 ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு நம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான மீறல்களுக்குப் பண அபராதம்தான்.

மலையூரான்:

நான் கொல்லிமலைக்காரன். முதலில் ஒன்று கேட்கிறேன். இருட்டைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தால் ஏன் எப்போதும் மலையிலிருந்தே தொடங்குகிறீர்கள்?

எங்கள் பக்கத்தில் இன்னமும் வீட்டுக்கு வீடு தள்ளித் தள்ளி இருக்கும். மிளகுக் கொடிக்கும் காப்பிக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை. மழைக்காலத்தில் கட்டுவிரியன் இரவில்தான் வெளியே வரும். வாசலில் ஒரு பல்பு எரிவதும் எரியாததும் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. பிரசவ வலி என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் காரவள்ளி. அந்தச் சாலையில் எங்கே விளக்கு இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரைக் கேளுங்கள்.

வெளிச்சம் வேண்டிய அளவு எங்களுக்கு வந்து சேரவே இல்லை. அதற்குள் அதை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். நீங்கள் சொன்ன 9.6 சதவீதக் கணக்குக்கூட, பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து வந்த பதிவுகள்தானே, வான்நோக்கி அண்ணே? எங்கள் ஊரில் நின்று யாரும் எண்ணவில்லை.

வான்நோக்கி:

தம்பி, பதிவுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான், உண்மை. ஆனால் நம் பக்கம் நிலைமை அதைவிட நன்றாக இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. செயற்கைக்கோளை வைத்துப் பார்க்கலாமே என்றால், இரவு வெளிச்சத்தை அளக்கிற முக்கியக் கருவிக்கு 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நீல ஒளி தெரியவே தெரியாது. எல்இடியின் நீலம் விழுவது சரியாக அங்கேதான். ஆரஞ்சு விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை விளக்கு போட்ட ஊர், மேலிருந்து பார்க்க மங்கினது மாதிரி தெரியும், தரையிலிருந்து பார்க்க வானம் முன்பைவிட வெளுத்திருக்கும். அதனால்தான் மனிதக் கண்ணின் எண்ணிக்கையை நம்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் விவசாயி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தில் இருட்டான புல்வெளிகளில் தெருவிளக்கை நட்டுப் பார்த்தார்கள். 2017இல் வந்த முடிவு: இரவில் பூவுக்கு வருகிற பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது. அவர்கள் கவனித்த ஒரு செடியில், பகல் பூச்சிகள் வழக்கம்போல வந்தும் காய்ப்பு 13 சதவீதம் குறைந்தது. மலையில் இருட்டைக் காப்பது எங்களைப்போல வானம் பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் இல்லை.

ஹான்லேயில் யாருடைய வாசல் பல்பையும் பிடுங்கவில்லை. விளக்குக்கு மூடி, மஞ்சள் ஒளி, ஜன்னலுக்குத் திரை. ஊர்க்காரர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். வானம் பார்க்க வருகிற பயணிகளால் அவர்களுக்கு வருமானம் வருகிறது.

மலையூரான்:

வருமானம் வருகிறவருக்கு வரும். தங்குமிடம் கட்ட இடமும் பணமும் இருக்கிறவருக்கு. அந்த வாதத்தை எங்களிடம் பலமுறை கேட்டுவிட்டோம் அண்ணே. பூச்சி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அது எங்கள் கண்ணுக்கே தெரிகிறது. மின்மினி முன்பு மாதிரி இல்லை. ஆனால் அதற்குக் காரணம் எங்கள் வாசல் பல்பு என்று சொல்லாதீர்கள். மலை முனையில் நின்று கீழே பார்த்தால் நாமக்கல் பக்கம் ஒரு பெரிய வெள்ளைப் பரப்பு தெரியும். அதை யார் குறைப்பது?

ஆமைநடை:

சென்னைக் கடற்கரையில் ஆமை நடைக்கு, அதாவது இரவில் ஆமை முட்டைகளைத் தேடி நடப்பதற்கு, போகிறவள் நான். இந்த விவாதத்தில் கடலை யாரும் தொடவில்லை.

பங்குனி ஆமை ஜனவரியிலிருந்து மார்ச் வரை கரையேறி முட்டையிடும். ஐம்பது நாள் சுமாருக்குக் குஞ்சு பொரியும். மணலிலிருந்து வெளியே வந்ததும் குஞ்சு பார்ப்பது ஒன்றைத்தான்: அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகம். பல இலட்சம் ஆண்டுகளாக அது கடல் பக்கமாகவே இருந்தது. இப்போது அது சாலைப் பக்கம். அதனால் குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதைக்கு வருகின்றன. காலையில் கடற்கரைச் சாலை ஓரத்தில், காய்ந்துபோய், தீப்பெட்டியைவிடச் சின்னதாகக் கிடக்கும். இதற்காகத்தான் 1988இலிருந்து மாணவர் அமைப்பு முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பிடத்தில் புதைத்து, பொரிந்தபின் கடலில் விடுகிறது. முட்டை இருந்த இடத்திலேயே பொரிய விட முடியாத நிலைமையில் விளக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பங்குனி ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆமை முட்டையிடும் இடங்கள் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் மிகக் கடுமையான வகையில் வருகின்றன. இத்தனை இருந்தும், பருவத்தில் இரவு விளக்கை அணைக்கச் சொல்லி ஒவ்வொரு ஆண்டும் கெஞ்சிக் கேட்கிறோம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கடலோர உள்ளாட்சிகள் பலவற்றில் இது பல ஆண்டுகளாகவே சட்டம். கடல் பக்கம் தெரிகிற விளக்கை மறைக்க வேண்டும் அல்லது நீண்ட அலைநீளம் கொண்ட சிவப்பு, அம்பர் நிறத்துக்கு மாற்ற வேண்டும். நமக்கும் அது வேண்டும்.

கடலோடி:

அம்மா, ஆமையை நாங்களும் கும்பிடுகிறவர்கள்தான். வலையில் மாட்டினால் அறுத்து விடுகிறோம். ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதே, அதெல்லாம் தெருவிளக்கால் செத்ததா? இழுவை மடி. கரைக்குப் பக்கத்திலேயே வந்து இழுக்கிற பெரிய விசைப்படகுகள். அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது, நிறுத்த ஆள் இல்லை. அதை விட்டுவிட்டு எங்கள் குப்பத்து விளக்கை அணைக்க வருகிறீர்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு ஃபைபர் படகைத் தள்ளுகிறோம். கரையில் வெளிச்சம் இல்லாவிட்டால் வலையும் எஞ்சினும் எப்படி ஏற்றுவது? திரும்பி வரும்போது கரை விளக்கைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜிபிஎஸ் எல்லாரிடமும் இல்லை.

ஆமைநடை:

அண்ணே, இழுவை மடி விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அதில் சாவது முட்டையிட வருகிற பெரிய ஆமை. விளக்கில் சாவது குஞ்சு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட முடியாது, இரண்டு முனையிலும் சாகிறது.

குப்பத்து விளக்கை நாங்கள் கேட்கவில்லை. நடைபயிற்சிக்காகப் போட்ட ஹைமாஸ், கடலைப் பார்த்த ஹோட்டல்களின் போக்கஸ் லைட், கடற்கரை வீடுகளின் மதில் விளக்கு, இவைதான் பிரச்சினை. நீங்கள் படகு தள்ளும் இடத்தில் கீழ்நோக்கிய அம்பர் விளக்கு வைக்கலாம், வேலையும் நடக்கும்.

ஒளி கடலில் என்ன செய்யும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்இடி வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டிப் பிடிப்பதை 2017இல் மத்திய அரசு தடை செய்ததே, அதைக் கேட்டுப் போராடியதில் உங்களைப்போன்ற சிறு மீனவர்களும் உண்டு. குஞ்சு மீனெல்லாம் வாரிக்கொண்டு போகிறது என்றுதானே கேட்டீர்கள்?

கடலோடி:

கேட்டோம். இன்னமும் கள்ளத்தனமாக அந்த லைட் மீன்பிடி நடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தடை எழுதுவது ஒன்று, கடலில் நிறுத்துவது வேறு. எங்கள் இறங்குதளத்தைத் தொடமாட்டோம் என்று விதியிலேயே எழுதினால் ஹோட்டல் விளக்கை அணைப்பதற்கு நான் உங்களோடு வருகிறேன்.

டர்ஃப்காரன்:

வணக்கம். கடன் வாங்கி ஒரு டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானம் நடத்துகிறேன். என்னைப்போன்றவர்களைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். பகல் வெயிலில் யார் விளையாட முடியும்? டெலிவரி வேலை செய்கிற பையன்கள், கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், இவர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் நேரம். பத்து மணிக்கு விளக்கை அணை என்றால் என் வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். பிரான்ஸ் மாதிரி குளிர் நாட்டு விதியை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கருப்புக்கோட்டு:

பிரான்சின் விதி அப்படிச் சொல்லவில்லை சகோ. 2018 டிசம்பர் ஆணையின்படி கடை ஜன்னல் விளக்கு இரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும், வியாபாரம் அதற்குப் பிறகும் நடந்தால் முடிந்த ஒரு மணி நேரத்தில். புதிய தெருவிளக்கு 3000 கெல்வினைத் தாண்டக் கூடாது, மேல்நோக்கிப் போகும் ஒளி ஒரு சதவீதத்துக்குள். நடக்கிற தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை, தொழில் முடிந்த பிறகு வீணாக எரிவதைத்தான். அங்கேயும் கண்காணிப்பு போதவில்லை என்று புகார் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஊர்கள் தாமாகவே நள்ளிரவுக்குப் பின் தெருவிளக்கை நிறுத்துகின்றன.

இரவுப்பணி:

இதைத்தான் முதலிலேயே பயந்தேன். கடைசியில் ‘நள்ளிரவுக்குப் பின் தெருவிளக்கை நிறுத்துகிறார்கள்’ என்பதுதான் முன்மாதிரியாக வந்து நிற்கிறது.

வான்நோக்கி:

அதற்கும் ஆய்வு இருக்கிறதம்மா. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் விளக்கை அணைத்த, பாதி இரவில் நிறுத்திய, மங்கலாக்கிய இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். விபத்தும் குற்றமும் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2015இல் எழுதினார்கள்.

இரவுப்பணி:

சார், எனக்கும் ஓர் ஆய்வு தெரியும். நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்பு வளாகங்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து விளக்குக் கோபுரம் வைத்தார்கள். இரவில் வெளியே நடந்த கடுங்குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன. எந்த ஊர், எந்தத் தெரு என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

அதைவிட முக்கியம், நம் ஊரில் புகாராகப் பதிவாகாதது. பின்னாலேயே வண்டியில் வருகிறவன், இருட்டில் நின்று எதையாவது சொல்கிறவன். இதையெல்லாம் எந்தப் பெண் போய்ப் பதிவு செய்கிறாள்? மதியப் பணியே வேண்டாம் என்று வேலையை விட்டவர்களை எந்தக் குற்றக் கணக்கில் எழுதுவார்கள்? தெருவிளக்கை அணைப்பது, மங்கலாக்குவது, இந்த இரண்டு சொல்லும் இருக்கிற எந்த விதிக்கும் நான் ஆதரவு தரமாட்டேன். மூடி போடுங்கள், நிறத்தை மாற்றுங்கள், கம்பமேறி ஐயா சொன்ன மாதிரி கையை நேராக்குங்கள். அதில் எனக்கு லாபம்தான்.

கம்பமேறி:

டர்ஃப் தம்பிக்கு: உங்கள் கம்பத்தில் இருப்பது பெரும்பாலும் சாதாரண போக்கஸ் விளக்காக இருக்கும். அதை நாற்பது, ஐம்பது பாகை தூக்கி வைத்தால்தான் நடு மைதானத்துக்கு எட்டும், பாதி வெளிச்சம் வலைக்கு மேலே போய்விடும். ஒரு பக்கமாக ஒளி வீசுகிற மைதான விளக்கு இருக்கிறது. கண்ணாடியைத் தரைக்கு இணையாக வைத்தே மைதானத்தை நிரப்பும். மின்கட்டணமும் குறையும், பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். மாற்ற இரண்டு ஆண்டு அவகாசம் கேளுங்கள், நியாயமானது. நேரக் கட்டுப்பாட்டை எதிர்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்.

வக்கீல் தம்பிக்கு: தனியார் விளக்குக்குச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அளவை வைத்து விதி எழுதாதீர்கள், அமைப்பை வைத்து எழுதுங்கள். இத்தனை லக்ஸ் என்றால் அளக்கக் கருவி வேண்டும், கருவிக்குச் சான்றிதழ் வேண்டும், கோர்ட்டில் அதை உடைப்பார்கள். மேல்நோக்கித் திரும்பியிருக்கிறதா, மூடி இருக்கிறதா, நள்ளிரவில் எரிகிறதா என்பதைப் பார்க்கக் கண் போதும். ஒரு போட்டோ போதும். அப்படி எழுதினால் நடைமுறைக்கு வரும்.

கருப்புக்கோட்டு:

நல்ல யோசனை ஐயா, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 6ஆம் பிரிவில் ஒலிக்குப் பக்கத்தில் செயற்கை ஒளியைச் சேர்க்கத் திருத்தம். முதல் கட்டமாக விளம்பரப் பலகை, வணிக முகப்பு, மைதானம், ஹைமாஸ், கடலோர விடுதி. தெருவிளக்கைப் பொறுத்தவரை புதிதாக வாங்குவதற்கு மட்டும் மூடியும் 3000 கெல்வினும், எண்ணிக்கையையோ நேரத்தையோ குறைக்க இந்த விதியைக் காரணம் காட்டக் கூடாது என்ற தடையும். மீன் இறங்குதளங்களுக்கு விலக்கு, விளக்கின் அமைப்பு மட்டும் மாற வேண்டும். காவலூர், ஹான்லே போன்ற வானாய்வகங்களைச் சுற்றித் தனி வலயம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தெருவிளக்கு வரியில் இன்னொன்றும் வேண்டும். எரியாத விளக்கை இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று. அது இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

கருப்புக்கோட்டு:

அது உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது மேடம், சுற்றுச்சூழல் விதிக்குள் நிற்குமா என்று சந்தேகம். மாநில அரசுக்குத் தனி மனுவாகச் சேர்த்து அனுப்புகிறேன்.

இரவுப்பணி:

அப்படியானால் இரண்டும் ஒரே நாளில் போகட்டும். ஒன்றில் மட்டும் என் பெயர் இருக்கக் கூடாது.

மலையூரான்:

நான் கையெழுத்துப் போடவில்லை. வக்கீல் அண்ணன் எழுதியதில் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் வந்தால் வனத்துறை ஜீப் முதலில் ஏறுவது எங்கள் மலைக்குத்தான். காரவள்ளி, சேந்தமங்கலம், நாமக்கல், இந்த மூன்று இடத்திலும் மேல்நோக்கி எரிகிற விளக்குகளைக் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கை மனுவோடு இணையுங்கள். இணைத்தால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் நானே வாசிக்கிறேன்.

வான்நோக்கி:

எடுக்கலாம் தம்பி. வருகிற அமாவாசையை ஒட்டி நண்பர்களோடு வருகிறேன், நீங்களும் கூட வந்தால் நல்லது. கம்பமேறி ஐயா, எந்த விளக்கு சரி, எது தப்பு என்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?

கம்பமேறி:

கம்பத்தை விட்டு முப்பதடி தள்ளி நில்லுங்கள். தரை மட்டும் வெளிச்சமாகத் தெரிந்து விளக்கின் கண்ணாடி தெரியாவிட்டால் சரி. கண்ணாடியே கண்ணில் அடித்தால் குறித்துக்கொள்ளுங்கள். கம்பத்தில் பெயிண்ட்டில் எழுதியிருக்கிற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், எண் இல்லாத புகாரை எந்த அலுவலகத்திலும் வாங்கமாட்டார்கள். எரியாத கம்பம் கண்ணில் பட்டால் அதையும் எழுதுங்கள், தங்கச்சியின் மனுவுக்கு ஆகும்.